லென்ஸுக்குள் ஒரு கிர்ர்: பித்தளை, நைலான், அசிட்டால் மாற்றிப் பார்த்த எட்டு மாதம்

அத்தை வீணை சொல்லிக்கொடுக்கிறார். வெளியூருக்குக் குடிபோய்விட்ட இரண்டு மாணவிகளுக்காகப் பாடங்களை வீடியோ எடுத்துத் தரச் சொன்னார், போன ஏப்ரலில். பழைய 50 மி.மீ., எஃப் 1.8 ஆட்டோஃபோக்கஸ் லென்ஸ் ஒன்று என்னிடம் இருக்கிறது, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதை மாட்டி, அத்தையை ஜன்னலோரம் உட்காரவைத்து எடுத்தேன். படம் அருமையாக வந்தது. சத்தம்தான் பிரச்சினை. ஆலாபனையில் ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தி, தந்தியின் அதிர்வு தேய்ந்து தேய்ந்து அடங்குகிற இடம் இருக்கிறதே, சரியாக அந்த இடத்தில் "கிர்ர்... கிர்ர்" என்று லென்ஸ் ஃபோகஸ் தேடுகிறது.

"என்னடா இது, கரப்பான் பூச்சி அட்டைப் பெட்டியைச் சுரண்டுற மாதிரி?" என்றார் அத்தை.

தனி மைக் வைக்கலாம், ஃபோகஸை மேனுவலில் பூட்டிவிடலாம் என்று எல்லாரும் சொல்வார்கள். தெரியும். ஆனால் எஃப் 1.8-இல் ஃபோகஸ் பிடிக்கும் ஆழம் ரொம்பக் குறைவு, அவர் கமகத்துக்கு முன்னே சாய்ந்தாலே முகம் மங்கிவிடுகிறது. தனி மைக் வைத்தபோதும் அமைதியான அறையில் அந்தச் சத்தம் லேசாகப் பதிவானது. அதைவிட முக்கியம், வாசிக்கிறவர் காதிலேயே அது விழுகிறது. அதனால் சத்தம் எங்கிருந்து வருகிறதோ அங்கேயே அதைக் குறைப்பது என்று முடிவு செய்தேன். ஏப்ரலில் தொடங்கி டிசம்பரில் முடிந்த வேலை இது. எந்தக் கம்பெனி லென்ஸ் என்பது இங்கே தேவையில்லை, சின்ன டிசி மோட்டாரும் கியர் வரிசையும் உள்ள எந்த லென்ஸுக்கும் இதே கதைதான்.

உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1985-இல் வந்த மினோல்டா 7000-இல் ஃபோகஸ் மோட்டார் கேமரா உடம்புக்குள் இருந்தது, அதிலிருந்து ஒரு சிறு தண்டு லென்ஸைத் திருப்பியது. 1987-இல் கேனான் 300 மி.மீ. எஃப் 2.8 லென்ஸில் அல்ட்ராசோனிக் மோட்டாரைக் கொண்டுவந்தது. அந்த வளைய வகை மோட்டார் நேரடியாக ஃபோகஸ் வளையத்தையே திருப்பிவிடும், நடுவே வேகம் குறைக்கும் கியர் வரிசை வேண்டாம், அதன் அதிர்வும் நம் காதுக்கு எட்டாத அளவில், 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கும். ஆனால் அது விலை கூடியது. அதனால் விலை குறைந்த லென்ஸ்களில் ரொம்ப நாள் வரை வேகமாகச் சுற்றும் ஒரு குட்டி மோட்டார், அதன் வேகத்தைக் குறைக்க மூன்று நான்கு கியர்கள் என்றே ஓடியது. என்னுடையது அந்த வகை.

திறப்பதற்கு முன்னால் அளந்தேன். இதைத் தவிர்த்திருந்தால் பாதி நாள் இருட்டில் தடவிக்கொண்டிருந்திருப்பேன். இரவு 11 மணிக்கு மின்விசிறியை நிறுத்திவிட்டு, கேமராவை மேசைமேல் வைத்து, ஃபோகஸை முன்னும் பின்னும் ஓடவிட்டுப் பதிவு செய்தேன். கேமராவின் சொந்த மைக்கில் ஒரு பதிவு, அரை மீட்டர் தள்ளி வைத்த போனில் இன்னொரு பதிவு. இரண்டையும் கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் போட்டு அலைவரிசைப் படம் வரைந்தபோது இரண்டு கூர்முனைகள் எழுந்து நின்றன: 1480 ஹெர்ட்ஸில் உயரமாக ஒன்று, 444 ஹெர்ட்ஸில் குட்டையாக ஒன்று. 1480-இன் இரட்டிப்பான 2960-இலும் ஒரு சிறு முனை.

லென்ஸைத் திறந்து பற்களை எண்ணியதும் இந்த எண்கள் எல்லாம் பேச ஆரம்பித்தன. மோட்டார் தண்டில் 10 பல் பித்தளைச் சக்கரம். அது 40 பல் சக்கரத்தைத் திருப்புகிறது. அதே அச்சில் ஒட்டியிருக்கும் 12 பல் சிறு சக்கரம் அடுத்ததைத் திருப்புகிறது. ஒரு பல் இன்னொரு பல்லில் வந்து உட்காரும்போது ஒரு சின்னத் தட்டு விழுகிறது, அந்தத் தட்டுகளின் எண்ணிக்கைதான் நாம் கேட்கும் சுருதி. 1480-ஐ 10-ஆல் வகுத்தால் மோட்டார் வினாடிக்கு 148 சுற்று, அதாவது நிமிடத்துக்கு 8880. அடுத்த அச்சு அதில் நாலில் ஒரு பங்கு, 37 சுற்று. 37-ஐ 12-ஆல் பெருக்கினால் 444. சரியாக உட்கார்ந்துவிட்டது. முதல் ஜோடிதான் பெரிய கத்தல், இரண்டாவது ஜோடி சின்ன முனகல்.

சரி, அந்த முதல் ஜோடி ஏன் இவ்வளவு கத்துகிறது? அந்த 40 பல் சக்கரமும் பித்தளை. மோட்டார் தண்டில் இருப்பதைத் தவிர மற்றவை எல்லாம் வெள்ளைப் பிளாஸ்டிக், நடுவில் இது மட்டும் மஞ்சளாக மின்னுகிறது. முன்பு வைத்திருந்தவரிடம் இருந்தபோது பிளாஸ்டிக் சக்கரம் விரிசல் விட்டு, "இனிமேல் உடையவே கூடாது" என்று யாரோ பித்தளையில் கடைந்து போட்டிருக்க வேண்டும். நல்ல எண்ணத்தில் செய்த வேலைதான், கைத்திறனும் நன்றாகவே இருந்தது. ஆனால் பித்தளை, கியர் செய்யப் பயன்படும் அசிட்டால் என்ற பிளாஸ்டிக்கைவிட 30 மடங்குக்கு மேல் விறைப்பானது. பல்லில் நூறில் ஒரு மில்லிமீட்டர் பிசகு இருந்தால் பிளாஸ்டிக் பல் கொஞ்சம் வளைந்து அந்தப் பிசகை விழுங்கிவிடும். பித்தளை வளையாது, அந்தப் பிசகை அப்படியே ஒரு அடியாக அடுத்த பல்லுக்குக் கொடுத்துவிடும். மேலும் பித்தளையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 8.5 கிராம், அசிட்டால் 1.41 தான். திசை மாறும்போதெல்லாம் ஆறு மடங்கு கனமான சக்கரம் நின்று திரும்ப வேண்டும். அதுதான் ஒவ்வொரு "கிர்ர்" முடிவிலும் வந்த "டக்".

திறப்பது பற்றி இரண்டே வார்த்தை. ஜப்பானிய லென்ஸ்களின் ஸ்குரூ தலை நம் ஊர் ஸ்டார் ஸ்குரூ டிரைவருக்குப் பொருந்தாது, ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) முனைதான் வேண்டும், இல்லாவிட்டால் தலை வழிந்துவிடும். கேமராவில் மாட்டும் மவுண்ட் வளையத்துக்கு அடியில் மெல்லிய தகட்டு வாஷர்கள் இருந்தால் எது எந்த ஸ்குரூவுக்கு அடியில் இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அவைதான் முடிவிலி ஃபோகஸை, அதாவது வெகுதூரப் பொருள் கூர்மையாகத் தெரிவதை, நிர்ணயிக்கின்றன.

முதல் முயற்சி தோற்றது. சத்தம் என்றதும் மெத்தென்று எதையாவது வைத்து அடக்கத்தான் கை போகிறது. மோட்டாருக்கு அடியில் 1 மி.மீ. ஸ்பாஞ்ச் டேப் ஒட்டி ஸ்குரூவைத் தளர்வாக விட்டேன். முதல் நாள் நன்றாகக் குறைந்தது. இரண்டாம் நாள் ஃபோகஸ் குறியைத் தாண்டிப் போய்த் திரும்பியது, அப்புறம் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நழுவும் "கரக்" சத்தம். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. மோட்டாரும் கியர் தகடும் சேர்ந்து 12 கிராம். இதை 50 ஹெர்ட்ஸில் ஆடும்படி மெத்தென்று தாங்கினால், ஒரு நியூட்டன் விசைக்கு, அதாவது 100 கிராம் எடை தொங்கும் அளவுக்கு, அது 0.84 மி.மீ. நகர்ந்துவிடும். இந்தக் கியர்கள் 0.2 மாட்யூல் (பல்லின் பருமனைக் குறிக்கும் அளவு), பல்லின் முழு உயரமே 0.45 மி.மீ. தான். பல்லின் உயரத்தைப்போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நகர்ந்தால் பல் எப்படிப் பிடிக்கும்?

அதைப் பிரித்துவிட்டு, சக்கரத்தை மாற்றும் வேலையில் இறங்கினேன். முப்பரிமாண அச்சில் அடிக்கலாமே என்று தோன்றும். 0.2 மாட்யூலில் பல்லின் தடிமன் 0.31 மி.மீ., சாதாரண பிரிண்டரின் முனை 0.4 மி.மீ., அங்கேயே அது முடிந்தது. ரெசின் பிரிண்டரில் ஒரு நண்பர் அடித்துக் கொடுத்தார், பார்க்க அச்சு அசலாக இருந்தது. ஆனால் பல்லின் பக்கவாட்டில் அடுக்கு அடுக்காகப் படிகள் இருந்ததால் ஓடும்போது அரம் தேய்க்கிற மாதிரி ஒரு சத்தம், அதோடு ரெசின் நொறுங்கும் தன்மை உள்ளது. மூன்றாவது நாள் இரண்டு பல் போயிற்று.

அப்புறம் அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம், அளக்கும் கருவிகளுக்குக் குட்டிக் கியர் வெட்டும் ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் பித்தளைச் சக்கரத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "எதுல வேணும் தம்பி, நைலானா அசிட்டாலா?" என்று கேட்டார். இரண்டிலும் ஒவ்வொன்று என்று சொன்னேன். எது நல்லது என்று கேட்டதற்கு, "சத்தத்துக்கு நைலான். அளவுக்கு அசிட்டால்" என்றார். அந்த நாலு வார்த்தையின் முழு அர்த்தம் எனக்குப் புரிய நவம்பர் ஆயிற்று.

மே மாதம் நைலானை மாட்டினேன். மோட்டார் தண்டில் இருந்த 10 பல் பித்தளையை மாற்றவில்லை. அதை அப்படியே விடுவதுதான் நல்லது, ஏனென்றால் சிறு சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் நான்கு மடங்கு அதிகமாக அடி வாங்குகிறது, சூடும் அங்கேதான் அதிகம், உலோகம் அந்தச் சூட்டைத் தண்டுக்குள் கடத்திவிடும். வழவழப்பான உலோகத்தோடு பிளாஸ்டிக் ஓடுவது நல்ல ஜோடி. முடிவு: 1480 ஹெர்ட்ஸ் முனை 12 டெசிபல் இறங்கியது. அந்த இரவு ஹெட்போனில் முன்னும் பின்னும் போட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தேன், அவ்வளவு சந்தோஷம். நைலானுக்குள் அதிர்வு போனால் அதில் ஒரு பங்கு சூடாக மாறி அங்கேயே கரைந்துவிடுகிறது. பித்தளைக்கு அந்தக் குணம் கிடையாது. கோவில் மணியை நைலானில் செய்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள், அதேதான்.

ஆனாலும் கேமரா மைக்கில் சத்தம் முழுதாகப் போகவில்லை. போனில் எடுத்த பதிவில் கிட்டத்தட்டக் காணோம், கேமராவில் மட்டும் தெளிவாக இருக்கிறது. இதை அத்தையிடம் புலம்பிக்கொண்டிருந்தபோது அவர் வீணையை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். "தந்தி சத்தம் எவ்ளோன்னு நினைச்ச? கொசு மாதிரி இருக்கும். குடம்தான்டா பாடுது" என்றார். தஞ்சாவூர் வீணையின் குடம் பலாமரத்தைக் குடைந்து செய்வது. தந்தி தன் அதிர்வை, தான் தாங்கி நிற்கும் குதிரை என்ற பாலத்தின் வழியாக அந்த மரத்துக்குக் கொடுக்கிறது, மரம் காற்றைத் தள்ளுகிறது. நான் இத்தனை நாளும் தந்தியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

லென்ஸில் குடம் எது என்று பார்த்தால், வெளி உடம்புதான். ஒன்றே கால் மில்லிமீட்டர் கூட இல்லாத மெல்லிய பாலிகார்பனேட் பிளாஸ்டிக் சுவர், உருளை வடிவம், உள்ளே கூடு. கியர் தகடு மூன்று ஸ்குரூவால் நேரே அதன்மேல் இறுக்கியிருக்கிறது. சோதித்துப் பார்க்க, கேமராவை ஒரு முறை உள்ளே கூடான மரப்பெட்டியின்மேல் வைத்தும் ஒரு முறை நாலாக மடித்த கம்பளிமேல் வைத்தும் பதிவு செய்தேன். பெட்டியின்மேல் வைத்தபோது போன் பதிவிலும் சத்தம் திரும்ப எழுந்தது. அதிர்வு காற்றில் வரவில்லை, உடம்பு வழியாக நடந்து வருகிறது. கேமராவின் மைக்கும் அதே உடம்பில்தானே உட்கார்ந்திருக்கிறது.

ஆக, தடுக்கவேண்டிய இடம் அந்த மூன்று ஸ்குரூ. இந்த முறை மோட்டாரை மட்டும் தனியாக மிதக்கவிடவில்லை. மோட்டார், கியர்கள், தகடு எல்லாம் ஒரே கட்டாக இறுகியே இருக்கட்டும், அந்தக் கட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் மட்டும் ரப்பர். எவ்வளவு மெத்து வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ரப்பர்மேல் உட்கார்ந்த ஒரு பொருளுக்கு இயல்பாக ஆடும் ஓர் அலைவரிசை இருக்கும். அதைப்போல 1.41 மடங்குக்கு மேலான அதிர்வுகளைத்தான் ரப்பர் தடுக்கும். அதற்குக் கீழே தடுக்காது, அந்த இயல்பு அலைவரிசைக்குப் பக்கத்தில் வருவதைப் பெரிதாக்கியே விடும். 1480-ஐத் தடுக்க இயல்பு ஆட்டம் 1046-க்குக் கீழே இருந்தால் போதும், 50 வரை இறங்கவேண்டிய அவசியமே இல்லை. 500 என்று வைத்துக்கொண்டால், 12 கிராம் கட்டு ஒரு நியூட்டனுக்கு 0.0085 மி.மீ. தான் நகரும். பல்லுக்கு அது ஒன்றுமே இல்லை. ஸ்பாஞ்சில் தோற்றது ரப்பர் என்ற யோசனையின் குற்றம் இல்லை, நூறு மடங்கு மெத்தாக வைத்ததுதான்.

ரிச்சி தெருவில் 0.3 மி.மீ. சிலிகான் ரப்பர் ஷீட் வாங்கி, தோல் துளைக்கும் பஞ்சால் வாஷர்களாக வெட்டினேன். தகட்டுக்கு மேலே மூன்று, கீழே மூன்று. ஸ்குரூவின் தண்டு தகட்டின் துளையைத் தொட்டால் எல்லா வேலையும் வீண், அதிர்வு ஸ்குரூ வழியாகவே கடந்துவிடும். அதனால் துளைக்குள் ஒயரின் மேல் உறையை வெட்டிச் செருகினேன். கட்டு 0.3 மி.மீ. மேலே ஏறியது, கியர் பல்லின் அகலம் 2 மி.மீ. இருந்ததால் அது பாதிக்கவில்லை. மாட்டி அளந்தால் 1480 நன்றாக இறங்கியிருந்தது. ஆனால் 444, அந்தச் சின்ன முனகல், முன்பைவிட 6 டெசிபல் ஏறிவிட்டது! ஒரு நிமிடம் புரியவில்லை. அப்புறம் உறைத்தது, நானே 500-க்குப் பக்கத்தில் இயல்பு ஆட்டத்தை வைத்துவிட்டு 444-ஐ அதன் வாசலில் நிறுத்தியிருக்கிறேன்.

இங்கேதான் ரப்பரிலும் ரப்பர் வேறு என்பது தெரிந்தது. சிலிகான் நல்ல ஸ்பிரிங், வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடும், தன்னுள் வைத்துக்கொள்வது குறைவு. வீட்டிலேயே பார்க்கலாம்: பேரிங் குண்டு ஒன்றை எடுத்து, ஒரு சாண் உயரத்திலிருந்து சிலிகான் துண்டின்மேல் போடுங்கள், துள்ளி எழும். அதே குண்டைச் சைக்கிள் டியூப் துண்டின்மேல் போடுங்கள், பொத்தென்று கிட்டத்தட்ட அங்கேயே உட்கார்ந்துவிடும். சைக்கிள் டியூப் பெரும்பாலும் பியூட்டைல் ரப்பர், அதிர்வை விழுங்குவதில் அதற்கு இணையாக எளிதில் கிடைப்பது எதுவும் எனக்குத் தெரியாது. ரேஸ் சைக்கிளின் மெல்லிய டியூபிலிருந்து, 0.6 மி.மீ. தடிமன், இன்னும் கொஞ்சம் அகலமான வாஷர்கள் வெட்டினேன். ஸ்குரூ எட்டவில்லை, 1 மி.மீ. நீளமானவை தேட வேண்டியிருந்தது. இப்போது 444 பழைய இடத்துக்கே இறங்கியது, 1480-இல் சிலிகான் கொடுத்ததைவிட இது கொஞ்சம் குறைவாகக் கொடுத்தாலும் நைலான் கொடுத்ததற்கு மேல் இன்னும் 7 டெசிபல் இறக்கியது. ஒரு எச்சரிக்கை: கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பரை மின் தொடுமுனைகளுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், தாமிரமும் வெள்ளியும் கறுத்துப்போகும்.

ஜூலையில் குடத்தையே கொஞ்சம் ஊமையாக்கப் பார்த்தேன். காரின் கதவுக்குள் ஒட்டும் தடித்த தார் போன்ற ஷீட் இங்கே நுழையாது, வெயிலில் கசியவும் செய்யும். ஏசி மெக்கானிக்குகள் குழாய் இணைப்பில் சுற்றும் அலுமினிய டேப் இருக்கிறது, அதைக் கியர் தகட்டுக்கு எதிரேயுள்ள சுவரின் உட்பக்கம் இரண்டு அடுக்காக ஒட்டினேன். இதில் வேலை செய்வது அலுமினியம் மட்டும் இல்லை, நடுவில் இருக்கும் பசை. சுவர் வளையும்போது நீளாத அலுமினியத்துக்கும் வளையும் சுவருக்கும் நடுவில் பசை இழுபடுகிறது, அந்த இழுபடலில் அதிர்வு கரைகிறது. 3 டெசிபல் கிடைத்தது. சின்ன எண்தான், ஆனால் விரல் நகத்தால் லென்ஸைத் தட்டினால் முன்பு "டொக்" என்றது இப்போது "தப்" என்கிறது. டேப் மின்சாரம் கடத்தும், அதனால் மேலே மின்சாரம் கடத்தாத பழுப்பு நிற கேப்டன் (Kapton) டேப் ஒட்டி, நாடா கேபிளிலிருந்து தள்ளியே வைத்தேன். ஒளி போகும் குழாயின் வெளிச்சுற்றில்தான் இது இருக்கிறது, பளபளப்பான எதையும் ஒளிப்பாதைக்குள் கொண்டுபோகக் கூடாது.

கிரீஸ் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் நிறையப் பேர் அங்கேதான் தொடங்குகிறார்கள். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சரியாகிவிடும் என்று என்னிடமும் சொன்னார்கள். தயவுசெய்து வேண்டாம். மெல்லிய எண்ணெய் பரவிக்கொண்டே போய், ஒளியின் அளவைக் கட்டுப்படுத்தும் அப்பர்சர் இதழ்களில் ஏறிவிடும், இதழ்கள் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் லென்ஸையே முழுதாகப் பிரித்துக் கழுவ வேண்டும். சில எண்ணெய்கள் பாலிகார்பனேட்டில் நுண்விரிசல்களையும் கிளப்பும். மேனுவல் லென்ஸ்களின் ஃபோகஸ் திருகுமரையில் போடும் கெட்டியான கிரீஸையும் இங்கே போட முடியாது, அதைத் தள்ளும் பலம் இந்தக் குட்டி மோட்டாருக்கு இல்லை. பிளாஸ்டிக்குக்குப் பாதுகாப்பான, பாலி ஆல்ஃபா ஓலிஃபின் எண்ணெயில் செய்த மெல்லிய கிரீஸை ஊசி முனையில் எடுத்து, பல்லுக்குப் பல் தடவினேன். பளபளப்பு தெரிந்தால் போதும், வெள்ளையாகத் தெரிந்தால் அதிகம்.

ஜூனிலிருந்து அக்டோபர் வரை அத்தையின் பதினோரு பாடங்களை இந்த லென்ஸில் எடுத்தேன். வேலை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

நவம்பர் இரண்டாம் வாரம், நாலு நாள் விடாத மழை. கேமராவை எடுத்தால் ஃபோகஸ் திணறுகிறது. சத்தம் இல்லை, ஆனால் மோட்டார் இழுக்க முடியாமல் நின்று நின்று போகிறது. திறந்து சக்கரத்தை விரலால் உருட்டினேன், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடத்தில் இறுகியது. பல்லுக்கும் பல்லுக்கும் இருக்கவேண்டிய ப்ளே, அந்தச் சிறு இடைவெளி, போய்விட்டது. பட்டறைப் பெரியவர் சொன்ன "அளவுக்கு அசிட்டால்" அப்போதுதான் புரிந்தது. நைலான் காற்றிலிருந்து தண்ணீர் குடிக்கும். நைலான் 66 என்றால் பாதி ஈரப்பதத்திலேயே எடையில் சுமார் 2.5 சதவீதம், முழுக்க ஊறினால் 8 சதவீதத்துக்கு மேல். குடித்தால் பருக்கும். 8.4 மி.மீ. சக்கரம் அரை சதவீதம் பருத்தால் விட்டத்தில் 0.04 மி.மீ., அதாவது ஒவ்வொரு பல்லின் நுனியும் 0.02 மி.மீ. வெளியே வருகிறது, சென்னையின் மழைக்கால ஈரத்தில் அதைவிடவும் கூடும். இந்த அளவுக் கியரில் விட்டுவைக்கிற ப்ளேயே நூறில் சில பங்கு மில்லிமீட்டர்தான். இதில் ஒரு விஷயம், நைலான் இவ்வளவு அமைதியாக இருப்பதற்கும் அதே தண்ணீர்தான் ஒரு காரணம். ஈரம் ஏறிய நைலான் மெத்தென்றாகி அதிர்வை இன்னும் நன்றாக விழுங்கும். வறண்ட ஊரில், பல்லைக் கொஞ்சம் ஒல்லியாக வெட்டி, நைலானையே வைத்துக்கொள்ளலாம். எனக்குக் கடற்கரையிலிருந்து நாலு கிலோமீட்டரில் வீடு.

அசிட்டால் சக்கரம் டப்பாவில் காத்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டாலும் அது குடிப்பது கால் சதவீதம் அளவுதான். டிசம்பர் முதல் வாரம் அதை மாட்டினேன். 1480 முனை நைலானில் இருந்ததைவிட 3 டெசிபல் ஏறியது. அது எதிர்பார்த்ததுதான், ஒப்புக்கொள்ளவும் முடிந்தது. எதிர்பார்க்காதது வேறு: மெல்லிய "கீச்... கீச்", அதுவும் மெதுவாக ஓடும்போது மட்டும்.

பல் எழுப்பும் சுருதி வேகத்தோடு ஏறி இறங்கும். இது அப்படி இல்லை, ஒரே சுருதியில் விட்டு விட்டு வந்தது. இது உரசல் கீச்சு, கதவுக் கீல் கத்துகிற மாதிரி: ஒட்டும், விடும், ஒட்டும், விடும். அசிட்டாலும் அசிட்டாலும் காய்ந்த நிலையில் உரசினால் இது வருவதும், தேய்மானம் கூடுவதும் தெரிந்த விஷயம். அதனால்தான் இப்படிப்பட்ட கியர் வரிசைகளில் ஒன்றை நைலானிலும் ஒன்றை அசிட்டாலிலும் மாற்றி மாற்றிப் போடுவார்கள். என் கியர் வரிசையில் பல்லில் கிரீஸ் இருந்தது, ஆனால் சக்கரத்தின் முகம் தகட்டின்மேல் இருக்கும் பிளாஸ்டிக் மேட்டில் உரசுகிற இடத்தை நான் ஆல்கஹால் போட்டுத் துடைத்துவிட்டு எதுவும் தடவவில்லை. அந்த மேடும் அசிட்டால். பிளம்பர் சுற்றும் டெஃப்லான் டேப்பை வெட்டிப் பார்த்தேன், அது சுருண்டுவிடுகிறது. 0.1 மி.மீ. டெஃப்லான் தகடு வாங்கி வாஷராக வெட்டி வைத்ததும் கீச்சு நின்றது.

இப்போதைய கணக்கு, தொடக்கத்தில் இருந்ததோடு ஒப்பிட்டால், 1480 ஹெர்ட்ஸில் 19 டெசிபல் குறைவு, அதாவது அதிர்வின் அளவு ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு. ஃபோகஸ் துல்லியம் கெட்டதா என்று பார்க்க ஓர் அளவுகோலைச் சாய்த்து வைத்து, எஃப் 1.8-இல் இருபது படம் எடுத்தேன், குறி வைத்த கோடுதான் இருபதிலும் கூர்மையாக இருந்தது. ரப்பர் வைத்ததால் கியர் கட்டுதான் நகர முடியும், கண்ணாடிகளைத் தாங்கும் குழாயில் நான் எதையும் மெத்தாக்கவில்லை. அந்தக் குழாயில் ஓர் ஆட்டம் வந்தால் படம் போய்விடும். சத்தத்துக்காக அதைக் கொடுக்கக் கூடாது.

இன்னும் 444 இருக்கிறது, முன்பு இருந்த அதே உயரத்தில். அந்த ஜோடியில் ஒன்றை நைலானாக்கலாம் என்று ஒரு யோசனை, அங்கே வேகம் குறைவு என்பதால் ப்ளேயைத் தாராளமாக விட்டு வெட்டச் சொல்லலாம், மழையில் பருத்தாலும் இடம் இருக்கும். பெரியவரிடம் அளவு எழுதிக் கொடுத்திருக்கிறேன், பொங்கல் கழித்து வரச் சொன்னார். அத்தை இந்த வாரம் தோடியில் ஆரம்பிக்கிறார்.